கடைசி வரி வரை தெளிவு

முதஸ்ஸிர் பாபிக்கருக்கு யாரையும் மறுத்துப் பேச வராது. முடிவெட்டுகிறவர் காதுக்கு மேலே வெள்ளையாக வழித்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கண்ணாடியைக் காட்டினால், "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் தொப்பியோடு திரிவான். இறங்க வேண்டிய இடத்தில் பேருந்து நிற்காமல் போனால் நடத்துநரைக் கூப்பிட மாட்டான். அடுத்த நிறுத்தம்தான் தன் இடம் என்பதுபோல நிதானமாக இறங்கி, வெயிலில் திரும்பி நடப்பான். வேறு படிப்பு படித்திருந்தால் இது ஒரு குணம், அவ்வளவுதான். கண்பார்வை அளக்கிற படிப்பில் இது கிட்டத்தட்ட ஒரு வியாதி.

ஏனென்றால் அந்தத் தொழிலே கேள்வியில்தான் நடக்கிறது. நோயாளியின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்க வேண்டும். சூடானின் கார்த்தூமில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு, அல்ஹம்துலில்லாஹ்." காய்ச்சலில் நடுங்குகிறவர்கூட விசாரித்தால் நலம் என்றுதான் சொல்வார். வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளை ஒருவன் அவ்வளவு பாடுபட்டு வில்லை மாற்றும்போது, எதைப் போட்டாலும் மங்கல் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கு மனம் வரும்?

அதற்காகத்தான் அந்த விளக்கு. ரெட்டினாஸ்கோப் என்று பெயர். ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். இருட்டறையில் நோயாளியின் கண்ணுக்குள் ஒரு கீற்று வெளிச்சத்தை விட்டு மெதுவாக அசைத்தால், உள்ளேயிருந்து ஒரு சிவப்பு ஒளி திரும்பி வரும். சில கண்களில் அது விளக்கோடு கூடவே நகரும். சில கண்களில் எதிர்த்திசையில் ஓடும். வில்லைகளை மாற்றிப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு வில்லையில் அந்த ஓட்டம் நின்றுபோகும். அதிலிருந்து கண்ணின் கணக்கு கிடைத்துவிடும். நோயாளி வாயே திறக்க வேண்டாம்.

முதஸ்ஸிருக்கு இந்தப் படிப்பில் பிடித்ததே இந்த ஒன்றுதான். சொந்த ஊரான சென்னாரில் அவனுடைய அப்பா சோள மூட்டை ஏற்றுகிற லாரி ஓட்டுபவர். மருத்துவத்துக்கு மதிப்பெண் கொஞ்சம் குறைந்து இந்தத் துறையில் இடம் கிடைத்தபோது வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை. அம்மா தெரு முழுக்கப் போய், "மகன் கண் டாக்டருக்குப் படிக்கிறான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவன் அதையும் மறுக்கவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் உடைந்த மூக்குக் கண்ணாடிகளை எல்லாம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவனும் வாங்கிக் கம்பி கட்டித் தருவான். ஆனால் இரண்டாம் ஆண்டில் முதன்முதலாக அந்த விளக்கைப் பிடித்து, ஒரு வகுப்புத் தோழனின் கண்ணில் அந்தச் சிவப்பு அசைவதைப் பார்த்த நாளில் அவன் விளக்கைக் கீழே வைக்கவே இல்லை. விடிகிற நேரத்தில் வாய்க்கால் தண்ணீரில் தெரிகிற வெளிச்சம் மாதிரி இருந்தது. இருட்டில், பேசாமல், ஒருவரைப் பற்றிய உண்மையை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடியும் என்று அவன் நினைத்ததே இல்லை.

அப்படிப்பட்டவன்தான் நான்காம் ஆண்டு செய்முறைத் தேர்வில் தோற்றான். அதுவும் விளக்கால் தோற்கவில்லை.

அன்று அவனுக்கு வாய்த்த நோயாளி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. விளக்கில் பார்த்து, தாளில் எண்ணை எழுதிவிட்டான். பிறகு வில்லையை மாட்டிக் கேட்டபோது அந்த அம்மாள், "இது இல்லாமலே தெளிவாத்தான் இருக்கு மகனே, சிரமப்படாதே" என்றாள். அவன் எழுதின எண்ணை அடித்துவிட்டு, கண்ணாடி தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தான்.

தேர்வாளர் டாக்டர் ரவ்தா ஒரு வாரம் கழித்து அவனை அறைக்குக் கூப்பிட்டார். குரலை உயர்த்தாதவர். அதனாலேயே எல்லாருக்கும் அவரிடம் பயம்.

"இந்தத் தாளைப் பாரு. அடிச்ச நம்பர் சரி. எழுதினது தப்பு."

"அவங்க தெளிவா இருக்குன்னு சொன்னாங்க டாக்டர்."

"அவங்க உனக்கு மரியாதை பண்ணாங்க. நீ அவங்களுக்கு மரியாதை பண்ணே. அந்தக் கண்ணுக்கு யாரு பார்க்கறது?"

அவர் தாளைக் கோப்புக்குள் வைத்தார்.

"இன்னொரு தடவைதான் உண்டு, தெரியுமில்ல? அதுலயும் போச்சுன்னா அஞ்சாம் வருஷம் கிடையாது. கண்ணாடிக் கடையில சட்டம் மாட்டற வேலைக்கு ஒரு சான்றிதழ் தருவோம். அதை எடுத்துக்கிட்டு ஊருக்குப் போகணும். சட்டம் மாட்டறது கேவலமில்ல. ஆனா உன் கை அதுக்கான கை இல்ல."

இதை அவன் வீட்டுக்குச் சொல்லவில்லை. அம்மா தொலைபேசியில், "பரீட்சை என்னாச்சு?" என்று கேட்கும்போதெல்லாம், "நடந்துகிட்டிருக்கும்மா" என்பான். நான்கு மாதம் ஒரு பரீட்சை நடக்குமா என்று அவளும் கேட்கவில்லை.

கண் மருத்துவமனை முற்றத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் கல்தூமா பதினோரு வருடமாகத் தேநீர் விற்கிறாள். கரியடுப்பு, வரிசையாகக் கண்ணாடிப் புட்டிகள், ஒரு பாத்திரம் நிறைய எண்ணெயில் பொரித்த லுகைமாத் உருண்டைகள். மாணவர்கள் பழகிக்கொள்வதற்காக அந்த மரத்தில்தான் ஒரு பழைய பார்வை அட்டையை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கான அட்டை அது. மூன்று பல் வைத்த சீப்பு மாதிரி ஒரே வடிவம், மேலிருந்து கீழே வரிசை வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும். பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொன்னால் போதும். ஊரில் அதற்குப் பெயரே சீப்பு அட்டை. உள்ளே இருந்த அட்டைகளும் இதே அச்சுத்தான்.

இந்த நான்கு மாதமும் முதஸ்ஸிர் மரத்தடியிலேயே கிடந்தான். யார் வந்தாலும் உட்காரவைத்துப் பழகினான். அவனோடு அதே தேர்வில் தோற்ற தஸாபீஹும் கூட இருந்தாள். அவள் தோற்றது நேரம் போதாமல். நோயாளியோடு பேசிக்கொண்டே இருந்துவிட்டாள்.

"உன் வாயில பாதியை இவனுக்குக் கொடு, ரெண்டு பேரும் பாஸாயிடுவீங்க" என்பாள் கல்தூமா.

"கொடுத்தா வாங்கிக்க மாட்டான் அக்கா. 'வேண்டாம்'னு சொல்றதுக்கும் கூச்சம், 'சரி'ன்னு சொல்றதுக்கும் கூச்சம்."

"டேய் அமைதிக்காரா, டீ நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குக்கா."

"சர்க்கரையே போடல!"

தேர்வுக்கு முந்தின வாரம் ஒருநாள், கூட்டமில்லாத நேரத்தில், கல்தூமா அடுப்பை விசிறிக்கொண்டே அவனிடம் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணு சொல்லு. சீப்பு எந்தப் பக்கம்னு பதில் சொல்றது நோயாளி. பெயிலாகறது நீங்க. அப்போ வர்றவன் தப்பா சொன்னா உங்களுக்கு மார்க் போயிடும், அதானே?"

அப்படி இல்லை. நோயாளி எப்படிச் சொன்னாலும், உண்மையான கணக்கைக் கண்டுபிடிப்பதுதான் தேர்வு. இதை விளக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் அவள் முகத்தில் அவ்வளவு கரிசனம் இருந்தது. அதைத் திருத்துவது அவளுடைய கையைத் தட்டிவிடுவது மாதிரி இருந்தது அவனுக்கு.

"ஆமாக்கா" என்றான்.

"பாவம் புள்ளைங்க" என்றாள் கல்தூமா, யோசனையோடு.

தேர்வு நாளில் வெயில் எட்டு மணிக்கே ஏறிவிட்டது. மொத்தம் ஐந்து பேர் இரண்டாம் முறை எழுதுகிறவர்கள். முதஸ்ஸிர் கடைசி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். முன்னால் போன நான்கு பேரும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தஸாபீஹ் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ரொம்ப சுலபம்டா! என் ஆளுக்கு கண்ணுல குறையே இல்ல. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு சொல்லிட்டார். விளக்குல பார்த்தப்ப என்னமோ இருக்கிற மாதிரி இருந்துச்சு, அப்புறம் என் கைதான் நடுங்குதுன்னு விட்டுட்டேன்."

அவனுக்கு முன்னால் போனவனும் அதையேதான் சொன்னான். குறையே இல்லாத கண். முதஸ்ஸிருக்கு இது விநோதமாகப் பட்டது. கண்ணில் குறையே இல்லாதவர்கள் விடிகாலையில் வந்து வரிசையில் நிற்க மாட்டார்கள். அதற்குள் அவனை உள்ளே கூப்பிட்டார்கள்.

உள்ளே நீளமான அறை. ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை. தூரத்துச் சுவரில் விளக்குப் பெட்டிக்குள் சீப்பு அட்டை. டாக்டர் ரவ்தா மூலையில் ஒரு நாற்காலியில், மூடிய குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் எல்லா நோயாளிகளையும் அவரே இயந்திரத்தில் வைத்துப் பார்த்து எழுதியிருந்த கணக்கு அதில் இருந்தது.

"இருபத்தஞ்சு நிமிஷம். ஆரம்பி."

நோயாளி உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். உயரமான ஆள், இஸ்திரி போட்ட, தரை தொடும் வெள்ளை ஜல்லாபியா அங்கி. பெயர் ஃபழ்லுல் மௌலா, நகரப் பேருந்தில் நடத்துநர். வந்தவர் நேராகக் கதவோரம் கொக்கியில் தொங்கிய வெள்ளைக் கோட்டைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் டாக்டர். வீட்ல எல்லாரும் சுகமா? புள்ளைங்க சுகமா? உடம்பு தேவலையா?"

கோட்டு பேசவில்லை.

"வ அலைக்குமுஸ்ஸலாம். நான் இங்க இருக்கேன்" என்றார் டாக்டர் ரவ்தா மூலையிலிருந்து.

"உள்ள ரொம்ப இருட்டு டாக்டர்" என்று சிரித்துச் சமாளித்து உட்கார்ந்தார் அவர்.

முதஸ்ஸிர் முதல் கேள்வியைக் கேட்டான். "என்ன தொந்தரவு மாமா?"

"தொந்தரவா? ஒண்ணுமில்ல, அல்ஹம்துலில்லாஹ்."

"அப்போ எதுக்கு வந்தீங்க?"

"டிரைவர் அனுப்பினான். ரோட்டோரத்துல கை காட்டறவங்களை நான் பார்க்கிறதே இல்லையாம். போன வாரம் ஒரு சோப்பு விளம்பரப் பலகை. அதுல ஒரு பொண்ணு கையைத் தூக்கிட்டு நிக்கிறா. நான் வண்டியை நிறுத்தச் சொல்லி, 'ஏறும்மா, ஏறும்மா'ன்னு கூப்பிட்டுட்டேன். வண்டி பூரா ஒரே சிரிப்பு. மத்தபடி கண்ணு நல்லாத்தான் இருக்கு."

முதஸ்ஸிர் ஒரு கண்ணை மறைத்துவிட்டு அட்டைக்கு அருகில் போய்க் குச்சியை எடுத்தான். வழக்கம்போல வலது ஓரத்தில் ஆரம்பித்தான். அரபி எழுதுகிற ஊரில் எதையும் வலமிருந்து இடமாகத்தானே படிப்பார்கள். குச்சியால் அட்டையில் ஒரு தட்டு.

"பல் எந்தப் பக்கம் மாமா?"

"மேலே."

தட்டு. "வலது." தட்டு. "கீழே." தட்டு. "இடது."

வரி வரியாகக் கீழே இறங்கினான். நிறுத்தமில்லை, தடுமாற்றமில்லை. கடைசிக்கு முந்தின வரியில் அவன் குச்சியைத் தூக்குவதற்குள்ளேயே "கீழே" என்றார். கடைசி வரியும் முடிந்தது. அடுத்த கண்ணிலும் அப்படியே. முழுப் பார்வை. ஆறுக்கு ஆறு என்று எழுதினான்.

அறை விளக்கை அணைத்து, அட்டைப் பெட்டியின் வெளிச்சத்தை மட்டும் விட்டுவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தான். "தூரத்துல அந்தப் பச்சைப் புள்ளியை மட்டும் பாருங்க மாமா. என்னைப் பார்க்க வேண்டாம்." கீற்று வெளிச்சம் கண்ணுக்குள் போயிற்று. சிவப்பு வந்தது. அவன் விளக்கை வலப்புறம் அசைத்தான். சிவப்பு இடப்புறம் ஓடியது, துரத்தப்பட்டது மாதிரி.

மைனஸ் வில்லை ஒன்றைப் பிடித்தான். இன்னும் ஓடியது. அடுத்தது. ஒன்றரையில் அசைவு நின்று கண்மணி முழுக்க ஒரே சீரான ஒளியாக நிறைந்தது. தான் உட்கார்ந்திருக்கிற தூரத்துக்கான கணக்கையும் சேர்த்தால் மைனஸ் மூன்று. இடது கண்ணும் அதேதான். மறுபடி பார்த்தான். மைனஸ் மூன்று.

மைனஸ் மூன்று உள்ள கண் அந்த அட்டையில் முதல் வரியைத் தாண்டவே முடியாது.

தாளில் ஒரு பக்கம் ஆறுக்கு ஆறு. இன்னொரு பக்கம் மைனஸ் மூன்று. இரண்டில் ஒன்றை அடிக்க வேண்டும். போன முறையும் இதே இடம்தான். அவனுடைய பேனா தானாகவே மைனஸ் மூன்றின் மேல் போய் நின்றது. ஒருவேளை கை நடுங்கியிருக்கலாம். ஒருவேளை விளக்கின் மின்கலம் தீர்ந்துபோயிருக்கலாம். மனிதர் வாயால் சொல்கிறார், தெளிவு என்று. நான் யார்?

"பன்னெண்டு நிமிஷம் இருக்கு" என்றார் டாக்டர் ரவ்தா.

நெற்றி வேர்வை தாளில் ஒரு சொட்டு விழுந்தது. அவன் நிமிர்ந்து ஃபழ்லுல் மௌலாவைப் பார்த்தான். அவர் கையை மடியில் கோத்து, பரீட்சை முடிந்த பிள்ளை மாதிரி நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். வாசிக்கிறபோது அவர் எப்படி இருந்தார் என்று முதஸ்ஸிர் நினைத்துப் பார்த்தான். கண்ணைச் சுருக்கவில்லை. கழுத்தை நீட்டவில்லை. மோவாயைக் கொஞ்சம் தூக்கி, இமை பாதி மூடி, ஓதுகிறவர் மாதிரி இருந்தார். குச்சி எங்கே இருக்கிறது என்றே பார்க்கவில்லை. தட்டுகிற சத்தத்துக்குத்தான் பதில் வந்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. அப்பா வயதுக்காரர் ஒருவரிடம், டாக்டர் முன்னால், நீங்கள் பார்த்துச் சொல்லவில்லை, பாடம் பண்ணிவந்து சொன்னீர்கள் என்று எப்படிச் சொல்வது? அவன் பேனாவை மூடி மேஜையில் வைத்தான். எழுந்து அட்டைக்குப் போய், இந்த முறை இடது பக்கமாக நின்றான்.

"மாமா, மன்னிச்சுக்குங்க. நான் சரியா எழுதிக்கல. இன்னொரு தடவை சொல்றீங்களா?"

"பத்துத் தடவை கேளு மகனே."

நடு வரி. ஐந்து சீப்பு. இடது ஓரத்திலிருந்து தட்டினான்.

"மேலே" என்றார் ஃபழ்லுல் மௌலா.

அந்தச் சீப்பு வலது பக்கம் பார்த்தது.

தட்டு. "வலது." அது இடது. தட்டு. "கீழே." நடுவில் இருந்தது அது ஒன்றுதான், அது மட்டும் பொருந்தியது. தட்டு. "இடது." வலது. தட்டு. "வலது." மேலே.

மூலையில் நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. முதஸ்ஸிர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வரியையும் அதேபோல இடமிருந்து தட்டினான். அவரும் அதேபோல வலமிருந்து சொன்னார், கணீரென்று, ஒரு சந்தேகமுமில்லாமல்.

"ரொம்ப நன்றி மாமா" என்று சொல்லிவிட்டு வந்து, சோதனைச் சட்டத்தில் இரண்டு பக்கமும் மைனஸ் மூன்றைப் போட்டு அவர் மூக்கில் வைத்தான். "இப்போ நான் தட்டப்போறதில்ல. நீங்களாவே மேலேயிருந்து படிங்க."

ஃபழ்லுல் மௌலா கையைத் தூக்கிச் சட்டத்தைத் தொட்டார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். கதவோரம் தொங்கிய கோட்டைப் பார்த்தார். மூலையில் உட்கார்ந்திருந்த டாக்டரைப் பார்த்தார்.

"யா ஸலாம்" என்றார் மெல்ல. "நான் அப்போ இந்தக் கோட்டுக்கா ஸலாம் சொன்னேன்?"

"அட்டையைப் பாருங்க மாமா."

"இவ்ளோ வரி இருக்கா இதுல? கல்தூமா ஏழு வரின்னுதான் சொன்னா, ஆனா நான்..." டக்கென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் ரவ்தா எழுந்துவந்து அறை விளக்கைப் போட்டார். "கல்தூமா என்ன சொன்னா?"

நடத்துநருக்கு வேறு வழியில்லை. "டாக்டர், அந்தப் பொண்ணு மேல கோபப்படாதீங்க. காலையில வரிசையில நின்னுக்கிட்டிருந்தோம். வந்து எல்லாரையும் உட்கார வச்சு டீ கொடுத்தா. 'உள்ள இருக்கிற புள்ளைங்களுக்கு இன்னைக்குப் பரீட்சை. நீங்க உளறினா அதுங்க பெயிலு, அதுங்க அம்மாமார் அழுவாங்க'ன்னு சொன்னா. மரத்தடியில ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தா டாக்டர். எங்களுக்கும் மனசு கேட்கல. என் கண்ணால ஒரு புள்ளையோட வருஷம் போகணுமா?"

டாக்டர் ரவ்தாவின் முகத்தில் கோபம்தான் வரப்போகிறது என்று முதஸ்ஸிர் எதிர்பார்த்தான். வந்தது என்னவென்று அவனுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"காலையிலேருந்து நாலு பேரு" என்றார் கடைசியில். "நாலு பேருக்கும் கண்ணு பழுதே இல்லைன்னு நாலு தாளு. என் இயந்திரம்தான் கெட்டுப்போச்சோன்னு நினைச்சேன்." பிறகு அவன் பக்கம் திரும்பினார். "உன் விடை என்ன?"

"மைனஸ் மூணு டாக்டர். ரெண்டு கண்ணுக்கும்."

"அவரு தெளிவா இருக்குன்னு சொன்னாரே?"

"இல்ல டாக்டர்" என்றான் முதஸ்ஸிர். "தெளிவா இல்ல."

டாக்டர் குறிப்பேட்டைத் திறந்து அவன் பக்கம் நீட்டினார். வலது கண் மைனஸ் மூன்று. இடது கண் மைனஸ் இரண்டே முக்கால்.

"கால் வித்தியாசம் ஒண்ணும் பெரிசில்ல. அது இருக்கட்டும், கை வலிச்சுதா? அந்தப் பக்கம் போய் நின்னியே?"

"இல்ல டாக்டர். அவரை நேரா சொல்லிக் கூச்சப்படுத்த..."

"தெரியும்" என்றார் அவர், தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "பாஸ். வெளியில வா, உங்க அக்காவை நான் பார்க்கணும்."

முற்றத்தில் கல்தூமா புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். டாக்டர் ரவ்தா வருவதைப் பார்த்ததும் சேலை மாதிரி சுற்றியிருந்த தோபை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். பெஞ்சிலிருந்த நான்கு பேரும் எழுந்தார்கள்.

"கல்தூமா, உன்னால நாலு புள்ளைங்க பெயிலாக இருந்தாங்க."

"என்னாலயா? டாக்டர், அல்லாஹ்மேல ஆணையா, நான் பாஸாகத்தான்..."

"நோயாளி சரியா சொன்னாத்தான் பாஸுன்னு உனக்கு யாரு சொன்னது?"

கல்தூமாவின் விரல் நேராக முதஸ்ஸிர் பக்கம் நீண்டது. "இதோ, இந்த அமைதிக்காரன்! நான் கேட்டேன், ஆமான்னு சொன்னான்."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"நானா சொல்லல" என்றான் அவன். "மறுக்கல, அவ்வளவுதான்."

"அடப்பாவி!" என்று தஸாபீஹ் தலையில் கைவைத்தாள். "ஒரே ஒரு ஆமா சொல்லி நாலு பேரைக் குழியில தள்ளியிருக்கியேடா! வாயே திறக்காம இவ்ளோ நாசம் பண்ண முடியுமா ஒரு மனுஷனால?"

முதலில் சிரித்தது டாக்டர் ரவ்தாதான். அவர் சிரித்து அந்த முற்றத்தில் யாரும் பார்த்ததில்லை. பிறகு எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். காலை நோயாளிகள் நால்வரும் இன்னும் நிழலில்தான் இருந்தார்கள். கண்ணாடிச் சீட்டு கிடைக்காமல் போகிறோமே என்று அவர்களுக்கும் உள்ளுக்குள் ஒரு குறை இருந்திருக்கிறது, வாய்விட்டுச் சொல்லவில்லை. டாக்டர் நான்கு மாணவர்களோடு அவர்களையும் மறுபடி உள்ளே கூப்பிட்டு, நோயாளிகளிடம் சொன்னார். "இந்தத் தடவை தெரியாததைத் தெரியலைன்னு சொல்லுங்க. அப்படிச் சொன்னா யாரும் பெயிலாக மாட்டாங்க. நான் பொறுப்பு."

ஆனாலும் முதல் ஆள், "கொஞ்சூண்டு மங்கல், அல்ஹம்துலில்லாஹ்" என்று ஆரம்பித்தது வெளியே கேட்டது.

முதஸ்ஸிர் மரத்தில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். கல்தூமா ஒரு கோப்பைத் தேநீரை நீட்டினாள். அவன் அதை ஊதி ஊதிக் குடித்தான். ஃபழ்லுல் மௌலா எதிரே நின்று தன் சீட்டை முகத்துக்குக் கிட்டே வைத்துப் படித்துவிட்டு, "இந்த நம்பரைக் காட்டினா கடையில கொடுத்துடுவாங்கல்ல?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார். கொடுத்துவிடுவார்கள் என்று மூன்றாவது முறையும் சொன்னான்.

மதியத் தொழுகைக்கு முன்னால் நான்கு தாள்களும் வந்துவிட்டன. மூன்று பேர் பாஸ், அதில் தஸாபீஹும் ஒருத்தி. நான்காவது ஆளுக்குக் கணக்கு ஒரு கண்ணில் பிசகிவிட்டது. ஆனால் நோயாளியைக் கெடுத்தது அவன் குற்றமில்லை என்று டாக்டர் அடுத்த வாரம் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். அவன் அங்கேயே புழுதியில் நெற்றியைப் பதித்து ஸஜ்தா செய்தான்.

முதஸ்ஸிர் தொலைபேசியை எடுத்து வீட்டு எண்ணை அழுத்தினான். மணி நெடுநேரம் அடித்தது. அம்மா எடுத்தாள். பின்னால் ஆடு கத்துகிற சத்தம்.

"யாரு? முதஸ்ஸிரா? என்னப்பா இந்த நேரத்துல? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லம்மா. அந்தப் பரீட்சை..."

அவன் முடிப்பதற்குள் முற்றத்தில் கல்தூமா நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். வரிசையில் நின்ற பெண்கள், கண்ணில் கட்டுப் போட்டிருந்தவர்கள் உட்பட, ஆளுக்கொரு பக்கமிருந்து சேர்ந்துகொண்டார்கள். மேலே ஜன்னல் திறந்து, "இது ஆஸ்பத்திரியா, கல்யாண வீடா?" என்று யாரோ கத்தினார்கள்.

"அது என்ன சத்தம்?" என்றாள் அம்மா. "யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்லம்மா! நான் போன தடவை பெயிலாயிட்டேன், உங்ககிட்ட சொல்லல! இன்னைக்கு பாஸ்! அஞ்சாம் வருஷம் போறேன்!"

தொலைபேசியில் ஒரு கணம் ஆடு மட்டும் கத்தியது. பிறகு சென்னாரிலிருந்து ஒரு குலவை கிளம்பியது. பக்கத்து வீட்டிலிருந்து இன்னொன்று, எதற்கு என்றே தெரியாமல். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. முதஸ்ஸிரும் தொலைபேசியை வைக்கவில்லை.